மலை சொல்லும் மைலேஜ்

கொடைக்கானல் மேல்மலையில் பழைய டீசல் வண்டிகள் உண்மையில் லிட்டருக்கு எவ்வளவு ஓடுகின்றன? டீசல் எங்கே வீணாகிறது? எதைச் செய்தால் மிச்சமாகும்?

"லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?"

பழைய ஜீப் ஒன்று கைமாறும் இடத்தில் விலை பேசுவதற்கு முன்பே இந்தக் கேள்வி வந்துவிடும். பதிலும் தயாராக இருக்கும். பத்து என்பார்கள், பன்னிரண்டு என்பார்கள், சற்று மனம் வந்தால் பதினைந்து என்றும் சொல்வார்கள். எந்தச் சாலையில், எவ்வளவு சுமையோடு, ஏறும்போதா இறங்கும்போதா என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. சமவெளியில் இந்த அலட்சியம் பெரிதாகக் கையைக் கடிக்காது. பூண்டியில் கடிக்கும்.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் வழியாகப் போகும் மேல்மலைச் சாலையில், கேரள எல்லையை ஒட்டிய கிளாவரைக்கு முன்னால் இருக்கிறது பூண்டி. படிப்படியாக வெட்டிய சரிவு நிலங்களில் மலைப்பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் என்று விளைகிறது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இந்த மேல்மலை மண்ணின் விளைச்சல். விளைந்தது காசாக வேண்டுமானால் வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்கோ, ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கோ போய்ச் சேர வேண்டும். விதை, உரம், அரிசி, சிமென்ட் எல்லாம் கீழிருந்து மேலே வர வேண்டும். பள்ளிப் பிள்ளைகளும் நோயாளிகளும் இதே சாலையில்தான் போய்வர வேண்டும். இத்தனைக்கும் தோள் கொடுப்பவற்றில் பெரும் பங்கு பதினைந்து, இருபது வயதைத் தாண்டிய டீசல் வண்டிகளுடையது. அவை குடிக்கும் ஒவ்வொரு லிட்டரும் விவசாயியின் கையில் மிஞ்சும் காசிலிருந்து கழிகிறது. அதனால் இங்கே மைலேஜ் என்பது குடும்பக் கணக்கு. அந்தக் கணக்கைச் சரியாகப் போட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

மலையைத் தூக்கும் கணக்கு

வத்தலக்குண்டு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர். காமக்காபட்டியில் ஏறத் தொடங்கி டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை என்று வளைந்து வளைந்து மேலே வரும்போது வண்டி 1,800 மீட்டர் உயரத்துக்குத் தன்னைத்தானே தூக்கிக்கொள்கிறது.

ஆட்களும் சரக்குமாகச் சேர்த்து இரண்டு டன் எடையுள்ள ஜீப் என்று வைத்துக்கொள்வோம். அதை 1,800 மீட்டர் உயர்த்தத் தேவைப்படும் ஆற்றல் ஏறத்தாழ 35 மெகாஜூல். ஒரு லிட்டர் டீசலில் அடங்கியிருக்கும் ஆற்றலும் கிட்டத்தட்ட அதே அளவுதான், 36 மெகாஜூல். டீசலின் முழு ஆற்றலும் சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தால், ஒரே ஒரு லிட்டரில் இரண்டு டன்னையும் மலைமேல் ஏற்றிவிடலாம்.

அப்படிப் போய்ச் சேர்வதில்லை. பழைய டீசல் இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில் எல்லாவற்றையும் கடந்து சக்கரத்தை எட்டுவது நான்கில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் அதற்குச் சற்று மேல். மீதி ரேடியேட்டர் சூடாகவும் சைலென்சர் சூடாகவும் போய்விடுகிறது. ஆகவே உயரத்துக்காக மட்டும் மூன்றரை முதல் நான்கு லிட்டர் வரை செலவாகும். சாலையில் உருள்வதற்கான டீசல் தனி. சமவெளியில் லிட்டருக்குப் பன்னிரண்டு கொடுக்கும் வண்டி மலை ஏறும்போது ஏழு, எட்டு என்று இறங்குவதற்கு வண்டியின் கோளாறு காரணமாக இருக்க வேண்டியதில்லை. புவியீர்ப்பு கேட்கும் கூலி அது.

இந்தக் கூலி எடையோடு நேரடியாகக் கூடும். நூறு கிலோ கூடுதலாக ஏற்றினால், அந்த நூறு கிலோவைக் கொடைக்கானலுக்குக் கொண்டுவர ஏறத்தாழ இருநூறு மில்லி டீசல் கூடுதலாக வேண்டும். தேவையில்லாமல் பின்னால் கிடக்கும் பழைய டயர், இரும்புச் சாமான், தண்ணீர்க் கேன் எல்லாம் ஒவ்வொரு ஏற்றத்திலும் டீசல் குடிக்கின்றன.

கீழே போகும் விளைச்சலுக்கு மலை உதவி செய்யும். ஆனால் பூண்டிக்காரருக்கு அந்த உதவி உடனே கிடைப்பதில்லை. மேல்மலையிலிருந்து சந்தைக்குப் போகும் மூட்டை முதலில் பல ஏற்ற இறக்கங்களைக் கடந்து கொடைக்கானல் வர வேண்டும். அதன் பிறகுதான் மலை இறக்கம். ஒவ்வொரு பள்ளத்திலும் சேமித்த உயரத்தை இழந்து, ஒவ்வொரு மேட்டிலும் மறுபடி விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் கொடைக்கானல் நகரத்து டாக்சிக்காரர் சொல்லும் எண்ணும் பூண்டி ஜீப்காரர் சொல்லும் எண்ணும் ஒன்றாக இருக்க முடியாது.

காகிதத்தில் இருக்கும் மைலேஜ்

இந்தியாவில் கார் விளம்பரங்களில் வரும் மைலேஜ், சோதனைக்கூடத்தில் எடுக்கப்படுவது. புனேயில் 1966 முதல் இயங்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் இதைச் செய்கின்றன. வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி, வரையறுத்த வேகங்களில் சுமார் இருபது நிமிடம் ஓட்டுவார்கள். அதிகபட்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். அந்தச் சோதனையில் மேடு இல்லை, கொண்டை ஊசி வளைவு இல்லை, பூண்டு மூட்டை இல்லை, எதிரே வரும் பேருந்துக்காக ஒதுங்கி நிற்பதும் இல்லை.

மாருதி ஸ்விஃப்ட் டீசலை எடுத்துக்கொள்ளலாம். ஃபியட் நிறுவனத்தின் 1,248 சி.சி. இன்ஜினோடு 2007-ல் வந்த வண்டி. 2011 மாடலுக்கு அறிவித்த மைலேஜ் 22.9. அதே இன்ஜினோடு 2018-ல் வந்த மாடலுக்கு 28.4. வண்டியின் எடை குறைந்தது, வடிவம் மேம்பட்டது என்பதெல்லாம் உண்மை. ஆனால் இரண்டு எண்ணையும் அன்றாடச் சாலையில் எளிதாக எடுத்துவிட முடியாது என்பதை ஸ்விஃப்ட் ஓட்டும் எவரும் அறிவார்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறை இல்லை. ஐரோப்பாவில் லட்சக்கணக்கான கார்களின் உண்மையான எரிபொருள் செலவைச் சோதனைக்கூட எண்களோடு ஐ.சி.சி.டி. என்ற ஆய்வு அமைப்பு தொடர்ந்து ஒப்பிட்டு வந்தது. 2001-ல் இரண்டுக்கும் இருந்த இடைவெளி ஏறத்தாழ 9 விழுக்காடு. 2015-ல் அது 40 விழுக்காட்டைத் தாண்டியது. கார்கள் சாலையில் முன்னேறியதைவிடச் சோதனையில் தேறுவதில் வேகமாக முன்னேறின என்பதுதான் இதன் பொருள். அதே 2015-ல் ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களின் புகை மோசடியும் வெளியே வந்தது.

பழைய வண்டிகளுக்கு இந்தக் காகித எண்ணும் பயன்படாது. இருபது ஆண்டுக்கு முன் வாங்கிய ஜீப்பின் நாசில் தேய்ந்திருக்கும், பம்ப் மாறியிருக்கும், டயர் அளவுகூட மாறியிருக்கும். அந்த வண்டிக்கு அதன் உடைமையாளரே அளந்து எடுக்கும் எண் ஒன்றுதான் உண்மை.

ஜீப்புக்குள் எந்த இன்ஜின்?

மலையில் ஓடும் பழைய டீசல் வண்டிகளை எல்லாம் ஒரே தட்டில் வைத்து எடைபோடக் கூடாது. உள்ளே இருக்கும் இன்ஜின் எந்தக் குடும்பம் என்பதைப் பார்க்க வேண்டும்.

மஹிந்திரா நிறுவனம் 1947-ல் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. அப்போது அவை பெட்ரோல் வண்டிகள். பிறகு டிராக்டர் குடும்பத்து டீசல் இன்ஜின்கள் வந்தன. 1980-களில் பிரான்சின் பெஜோ நிறுவன உரிமத்தில் தயாரான 2,112 சி.சி. டீசல் இன்ஜின் வந்து ஜீப்பின் குணத்தையே மாற்றியது. அதற்கடுத்து 2,523 சி.சி. 'டி.ஐ.' இன்ஜின். கமாண்டர், மேஜர், 2000-ல் வந்த பொலேரோ என்று மலையில் நாம் பார்க்கும் வண்டிகளில் பெரும்பாலானவை இந்த மரபில் வருகின்றன. 1994-ல் வந்த டாடா சுமோவும் 2000-ல் வந்த டொயோட்டா குவாலிஸும் கொடைக்கானல் சாலையின் இன்னொரு தலைமுறை.

பெஜோ இன்ஜின், பழைய சுமோ, குவாலிஸ் ஆகியவற்றில் டீசல் முதலில் ஒரு சிறிய தனி அறைக்குள் பீய்ச்சப்பட்டு, அங்கே தீப்பிடித்து, பிறகு சிலிண்டருக்குள் பாய்கிறது. ஓட்டம் மென்மையாக இருக்கும், சத்தம் குறையும். ஆனால் அந்தச் சிறிய அறையின் சுவர் வழியாக வெப்பம் வீணாகும். டி.ஐ. இன்ஜினில் டீசல் நேராக பிஸ்டன் தலைமேலேயே பீய்ச்சப்படுகிறது. சத்தம் அதிகம், அதிர்வு அதிகம். எரிபொருள் செலவோ பத்து முதல் பதினைந்து விழுக்காடு குறைவு. ஒரே சுமையை ஒரே சாலையில் இழுக்கும் இரண்டு ஜீப்புகளுக்கு லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் வித்தியாசம் வந்தால், அதற்கு ஓட்டுநர் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். பிறகு வந்த காமன் ரெயில் இன்ஜின்கள் மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசலைத் தூவி இந்தச் சிக்கனத்தை இன்னும் வளர்த்தன.

அப்படியானால் எல்லாரும் புது வண்டிக்கு மாறிவிடலாமே என்று கேட்கலாம். விலை ஒரு தடை. தொழில்நுட்பம் இன்னொரு தடை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் வந்த பி.எஸ்.-6 விதியின்படி டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அது அவ்வப்போது எரித்துத் தீர்க்க வேண்டும். அதற்குத் தொடர்ச்சியான, சூடான ஓட்டம் தேவை. தோட்டத்திலிருந்து ஊருக்கு, ஊரிலிருந்து கடைக்கு என்று குளிரில் குறுந்தூரம் மெதுவாக ஓடும் வண்டியில் அந்த வடிகட்டி அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். பழைய ஜீப்பை உள்ளூர் மெக்கானிக் ஸ்பேனரை வைத்தே சரிசெய்துவிடுவார். மேல்மலையில் அது சிறிய வசதி அல்ல.

கருப்புப் புகை என்றால் கரையும் காசு

வானியல் ஆய்வகம் நிற்கும் கொடைக்கானல் மேட்டின் உயரம் 2,343 மீட்டர். மேல்மலை ஊர்களின் பொதுவான உயரமான இரண்டாயிரம் மீட்டரை எடுத்துக்கொண்டாலும், அங்கே ஒரு கன மீட்டரில் இருக்கும் காற்று கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். நாம் மூச்சு வாங்குவது போலவே இன்ஜினும் வாங்குகிறது.

டர்போ இல்லாத பழைய டீசல் இன்ஜினில் பம்ப் அனுப்பும் டீசலின் அளவு கீழே சமவெளியில் வைத்தபடியே இருக்கும். காற்று குறைந்துவிட்டதை அந்த பம்ப் அறியாது. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் எரிவதற்குப் போதிய காற்று இல்லாமல் டீசலின் ஒரு பகுதி கரியாகி வெளியேறும். அதுதான் ஏற்றத்தில் ஜீப்புக்குப் பின்னால் எழும் கருப்புப் புகை. இழுவை குறைகிறதே என்று இன்னும் மிதித்தால் புகை கூடும், இழுவை கூடாது. புகை கிளம்பும் இடத்துக்குச் சற்று முன்னால் காலை நிறுத்தி, ஒரு கியர் இறக்கி, இன்ஜினை நடுத்தரச் சுற்றில் வைத்து ஏறுவதே சிக்கனம்.

இங்கேதான் ஒரு தவறான வழக்கம் நுழைகிறது. இழுவை போதவில்லை என்று பம்பில் டீசல் அளவைக் கூட்டிவைக்கச் சொல்கிறார்கள். மதுரையிலோ திண்டுக்கல்லிலோ பம்ப் பட்டறையில் அந்தத் திருகைத் திருப்பினால் கீழே ஓட்டிப் பார்க்கும்போது வண்டி துள்ளும். மேலே வந்தால் அந்தக் கூடுதல் டீசலுக்கு ஈடான காற்று கிடையாது. புகையும் செலவும் மட்டும் கூடும். மலையில் ஓடும் டர்போ இல்லாத வண்டிக்கு பம்ப் அளவைக் கொஞ்சம் குறைத்து வைப்பதுதான் பொருத்தம். பட்டறையில் கொடுக்கும்போதே "வண்டி மலையில் ஓடுவது" என்று சொல்லிவிட வேண்டும்.

புகையின் நிறத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி நோய் புரிந்துவிடும். கருப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஏர் ஃபில்டரையும் நாசிலையும் பார்க்க வேண்டும். நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங், வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். வெள்ளை என்றால் டீசல் எரியாமலே வருகிறது. குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களுக்கு அது இயல்பு. வண்டி சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் டைமிங், ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

இறக்கத்தில் நியூட்ரல்: மிச்சமும் இல்லை, உயிருக்கும் உத்தரவாதம் இல்லை

மலைச் சாலைகளில் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை ஒன்று உண்டு: இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம். இது தவறு. பழைய பம்ப் வைத்த வண்டிக்கும் தவறு, புதிய வண்டிக்கும் தவறு.

கியரில் இருக்கும் வண்டி இறக்கத்தில் போகும்போது சக்கரங்களே இன்ஜினைச் சுற்றுகின்றன. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், இன்ஜின் தேவையான சுற்றுக்கு மேல் சுற்றுவதை பம்பில் இருக்கும் கவர்னர் உணர்ந்து டீசலைக் குறைத்துவிடும். பெரும்பாலான பம்புகளில் டீசல் போவது ஏறக்குறைய முற்றிலும் நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால் கதை வேறு. இன்ஜின் அணையாமல் இருக்கத் தனியாக டீசல் எரிய வேண்டும். இந்த அளவு இன்ஜினுக்கு அது மணிக்கு அரை லிட்டருக்கு மேல். கொடைக்கானலிலிருந்து காமக்காபட்டி வரை நியூட்ரலிலேயே இறங்குபவர் மிச்சம் பிடிப்பதாக நினைத்து டீசலை எரித்துக்கொண்டே வருகிறார்.

இதைவிடப் பெரிய விலை பிரேக்கில் இருக்கிறது. இரண்டு டன் வண்டி மேலே ஏறியபோது சேமித்த 35 மெகாஜூல் இறங்கும்போது எங்காவது வெளியேறியாக வேண்டும். நூறு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. கியரில் இறங்கினால் அதில் கணிசமான பங்கை இன்ஜின் ஏற்றுக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் பெரும் பங்கும் நான்கு பிரேக் டிரம்களுக்குள் போகும். லைனிங் சூடேறி வழுக்கத் தொடங்கினால் மிதித்தாலும் வண்டி நிற்காது. இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் கொடுமை. பிரேக்குக்கு உதவும் வாக்குவம் நின்றுபோய் பெடல் கல்லாகிவிடும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மூத்த மலை ஓட்டுநர்களின் விதி. உயிரைக் காக்கும் அந்த விதி டீசலையும் காக்கிறது.

சரியாக அளப்பது எப்படி?

அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனைகளில் 'கே.எம்.பி.எல்.' (லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்) என்ற சொல்லைக் கேட்காத நாள் இருக்காது. எந்தப் பேருந்து, எந்த ஓட்டுநர், எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர் என்று அங்கே நாள்தோறும் பதிவாகிறது. ஒரு பேருந்தின் எண் திடீரென்று இறங்கினால் மெக்கானிக் அதைப் பார்ப்பார். அந்த ஒழுக்கத்தைத் தனி வண்டிக்காரர்களும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

முறை எளிது. ஒரே பங்க்கில், ஒரே பம்ப்பில், வண்டி ஒரே சாய்மானத்தில் நிற்கும்படி டேங்க்கை நிரப்புங்கள். ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல ஓட்டிவிட்டு, அதே இடத்துக்கு வந்து மறுபடி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் மைலேஜ். ஒரு முறை எடுத்த எண்ணை நம்ப வேண்டாம். நான்கைந்து முறை நிரப்பியதன் மொத்தக் கிலோமீட்டரையும் மொத்த லிட்டரையும் வைத்துப் பாருங்கள்.

மலையில் இதோடு மூன்று எச்சரிக்கைகள் சேர்கின்றன.

முதலாவது, தொடங்கிய உயரத்துக்கே திரும்பி வந்து முடிக்க வேண்டும். வத்தலக்குண்டில் நிரப்பிக் கொடைக்கானலில் அளந்தால் வண்டி கெட்டுவிட்டது போலத் தெரியும். கொடைக்கானலில் நிரப்பி வத்தலக்குண்டில் அளந்தால் உலகிலேயே சிறந்த வண்டி போலத் தெரியும். இரண்டும் உண்மை இல்லை.

இரண்டாவது, ஏற்றத்தின் எண்ணையும் இறக்கத்தின் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுக்கக் கூடாது. ஐம்பது கிலோமீட்டர் ஏற்றத்தில் லிட்டருக்கு 7, அதே ஐம்பது இறக்கத்தில் 25 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 16 என்று மனம் சொல்லும். ஏற்றத்துக்கு 7.1 லிட்டர், இறக்கத்துக்கு 2 லிட்டர்; நூறு கிலோமீட்டருக்கு மொத்தம் 9.1 லிட்டர். உண்மையான மைலேஜ் 11-க்கும் சற்றுக் குறைவு. பெருமை பேசும் பல எண்கள் இந்த ஒரு பிழையில் பிறந்தவை.

மூன்றாவது, ஓடோமீட்டரையே சோதிக்க வேண்டும். கம்பெனி கொடுத்த அளவைவிடப் பெரிய டயர் மாட்டிய ஜீப்பில் ஓடோமீட்டர் குறைத்துக் காட்டும்; தேய்ந்த டயரில் கூட்டிக் காட்டும். கைபேசி வரைபடத்தின் தூரத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தால் பிழை எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

சரக்கு ஏற்றுபவர்கள் இன்னொரு கணக்கையும் போட வேண்டும். நானூறு கிலோ ஏற்றி லிட்டருக்கு 12 ஓடும் வண்டி, நூறு கிலோமீட்டரில் ஒவ்வொரு நூறு கிலோ சரக்குக்கும் இரண்டு லிட்டருக்கு மேல் செலவழிக்கிறது. ஆயிரத்து இருநூறு கிலோ ஏற்றி லிட்டருக்கு 8 ஓடும் வண்டிக்கு அதே கணக்கில் ஆகும் செலவு ஒரு லிட்டர் சொச்சம். விவசாயிக்கு முக்கியம் மூட்டைக்கு எத்தனை லிட்டர் என்பதுதான். அரை லோடு ஏற்றிய இரண்டு ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சந்தைக்குப் போவதைவிட, அக்கம்பக்கத் தோட்டக்காரர்கள் சேர்ந்து அனுமதித்த அளவுக்குள் ஒரு முழு லோடாக அனுப்புவது எந்த மெக்கானிக்காலும் தர முடியாத சேமிப்பு.

டீசல் கசியும் இடங்கள்

அளந்த எண் குறைந்துகொண்டே வந்தால் எங்கே பார்ப்பது?

முதல் இடம் நாசில். பட்டறைக்காரர்கள் 'மைக்கோ' என்று இன்றும் சொல்லும் பெங்களூரு நிறுவனம் 2008-ல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதன் பம்பும் நாசிலும்தான் பெரும்பாலான பழைய வண்டிகளில் இருக்கின்றன. நாசில் டீசலைப் பனிபோலத் தூவ வேண்டும். தேய்ந்தால் சொட்டும். சொட்டும் டீசல் முழுதாக எரியாது. நாசிலைக் கழற்றிச் சோதனைக் கருவியில் போட்டு அழுத்தத்தையும் தூவலையும் பார்ப்பது சிறிய செலவு. மாதக்கணக்கில் டீசலைப் புகையாக விடுவது பெரிய செலவு.

அடுத்தது ஏர் ஃபில்டர். காற்று ஏற்கெனவே மெலிந்த உயரத்தில், அடைத்துப்போன ஃபில்டர் இன்ஜினின் மூக்கைப் பொத்துகிறது. பிறகு டீசல் ஃபில்டர். கேனில் வாங்கி வைத்து ஊற்றும் டீசலில் தண்ணீரும் தூசியும் சேர வாய்ப்பு அதிகம். ஃபில்டர் கிண்ணத்தின் அடியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது திறந்துவிட வேண்டும். இப்போது வரும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குதான். அது பழைய பம்பைத் தேய்த்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. வழுவழுப்புக்கான மருந்து சுத்திகரிப்பு ஆலையிலேயே சேர்க்கப்படுகிறது, அதற்குத் தர வரம்பும் இருக்கிறது. பம்பைக் கெடுப்பது டீசலில் கலக்கும் மண்ணெண்ணெயும் தண்ணீரும்தான்.

இன்ஜினுக்கு வெளியேயும் கசிவு உண்டு. சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்த பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஏற்றத்தில் இன்ஜின் சத்தம் கூடியும் வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. டயர் காற்று குறைந்தால் உருள்வது கடினமாகும். சேற்றுக்காக மாட்டிய பட்டன் டயர் தார்ச்சாலையில் கூடுதலாக டீசல் கேட்கும். சேற்றுத் தடத்தைத் தாண்டியதும் ஃபோர் வீலை விடுவிக்க மறந்தால் தார்ச்சாலையில் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு டீசலையும் பல்சக்கரத்தையும் தின்னும்.

கடைசியில் ஓட்டுநரின் வலது கால். பெட்ரோலிய சேமிப்புக்காக 1978-ல் தொடங்கிய பி.சி.ஆர்.ஏ. அமைப்பு மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தைச் சிக்கன வேகமாகப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. மேல்மலைச் சாலையில் அந்த வேகமே அதிகம். இங்கே சிக்கனம் என்பது முன்னால் பார்ப்பது. வளைவுக்கு முன் பிரேக்கை அழுத்தி, வளைந்ததும் மிதித்து, மறுபடி அழுத்துவதைவிட, வளைவை முன்கூட்டியே கணித்து ஒரே சீரான ஓட்டத்தில் போவதில்தான் டீசல் மிஞ்சும். குளிர்காலக் காலையில் இன்ஜினைக் கால் மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிடுவதும் வீண். ஆயில் ஏறும்வரை சற்றுப் பொறுத்து, முதல் சில கிலோமீட்டரை மெதுவாக ஓட்டினால் அது விரைவாகவே சூடாகும்.

வயதா, நிலையா?

டெல்லியில் பத்து வயது தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2018-ல் அதை உறுதி செய்தது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு தடை இல்லை. பதினைந்து ஆண்டு முடிந்ததும் சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் அதற்கான மத்திய அரசுக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது.

பழைய டீசல் புகையின் தீங்கை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் சேர்த்தது. பூண்டியின் சாலையோரத்தில் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகளின் நுரையீரலுக்கும் அது பொருந்தும். ஆனால் வயதை மட்டும் அளவுகோலாக வைத்தால், பம்பும் நாசிலும் சரியாக வைத்திருக்கும் இருபது வயது ஜீப்பும், கரும்புகை கக்கும் ஒன்பது வயது வண்டியும் தலைகீழாக மதிப்பிடப்படும். பழைய டீசல் வண்டியின் உண்மையான அளவுகோல் அதன் நிலைதான். விதியும் அதைத்தான் கேட்கிறது: புகைச் சோதனையில் பழைய டீசல் வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு வரம்பு, பி.எஸ்.-4 வண்டிக்கு 50. அந்தச் சோதனை சான்றிதழுக்காக மட்டும் நடக்காமல் உண்மையாக நடக்க வேண்டும்.

ஒரு காலத்தில் டீசல் மலிவு என்பதால் வீணாவது உறைக்கவில்லை. 2012 மே மாதத்தில் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. இப்போது தமிழ்நாட்டில் டீசல் 90 ரூபாயைத் தாண்டிவிட்டது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் ஜீப் லிட்டருக்கு 9-லிருந்து 11-க்கு உயர்ந்தால் மாதம் இருபது லிட்டர் மிச்சம். ஆண்டுக்கு இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். நாசில் சோதனை, ஃபில்டர், பிரேக் சரிசெய்தல் எல்லாவற்றின் செலவையும் கழித்த பிறகும் கையில் காசு நிற்கும். ஒவ்வொரு லிட்டர் டீசலும் எரியும்போது 2.6 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. சோலைக்காடுகள் சூழ்ந்த மலையில் அந்தக் கணக்கும் சேர்கிறது.

அரசு செய்யக்கூடியவையும் உண்டு. நாசில், பம்ப் சோதனைக் கருவியோடு ஒரு நடமாடும் பட்டறை ஆண்டுக்கு ஒருமுறையேனும் பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கிளாவரை வரை வந்து போகலாம். மலையில் ஓடும் வண்டியை மலை உயரத்திலேயே சோதித்துச் சரிசெய்ய அது வழி செய்யும். பட்டறைக்காக ஒரு நாள் வருமானத்தை இழந்து கீழே இறங்க வேண்டிய கட்டாயமும் நீங்கும். மேல்மலைச் சாலையின் குழிகளை அடைப்பதும் எரிபொருள் சேமிப்புத் திட்டம்தான். ஒவ்வொரு குழிக்கும் ஒரு பிரேக், ஒவ்வொரு பிரேக்குக்கும் பிறகு ஒரு முடுக்கம், அதற்கு டீசல்.

வண்டிக்காரர் தொடங்க வேண்டிய இடமோ அந்தப் பழைய கேள்விதான். இனி யாராவது "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?" என்று கேட்டால், எந்தச் சாலையில், எவ்வளவு சுமையோடு, எத்தனை முறை நிரப்பி அளந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அளக்கத் தொடங்கிய வண்டியில் கோளாறு நீண்ட நாள் ஒளிந்திருக்காது. கோளாறு தெரிந்த வண்டியில் புகை குறையும், செலவு குறையும், பூண்டு விற்ற காசில் கூடுதலாக ஒரு பங்கு வீட்டுக்கு வந்து சேரும்.